உங்களுக்குத் தெரியுமா? கால் முடி நீக்க ரேஸரா, க்ரீமா, சர்க்கரைப் பாகா?

கால் முடியை எடுக்க நினைக்கும் பெண்களில் பலர் அதை யாரிடமும் கேட்பதில்லை. விடுதித் தோழி சொன்னதையோ கடையில் கைக்கு அகப்பட்டதையோ எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தோல் வெந்துபோன பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பதால் வெளிப்படையாகவே பேசுவோம்.

மழித்தால் முடி தடிக்காது

"ரேஸரைத் தொடாதே, அப்புறம் ஆம்பளைக் கால் மாதிரி ஆயிடும்" என்று எச்சரிக்காத வீடு குறைவு. இதை 1928-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த உடற்கூற்றியல் அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர், ஆண்களின் முகத்தை மழிக்கச் செய்து, முளைத்த முடியை அளந்து பார்த்தார். பருமனும் கூடவில்லை, வேகமும் கூடவில்லை. 1970-இல் இன்னொரு ஆய்வு நேரடியாகக் காலிலேயே நடந்தது. இளைஞர்கள் ஐந்து பேர் பல மாதங்கள் வாராவாரம் ஒரு காலை மட்டும் மழித்தார்கள், மறுகாலை அப்படியே விட்டார்கள். இரண்டு கால்களின் முடிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு ஏன் கையால் தடவினால் சொரசொரக்கிறது? தானாக வளர்ந்த முடியின் நுனி, சீவிய பென்சில் போலக் கூர்ந்து மெலிந்திருக்கும். ரேஸர் அதைக் குறுக்கே வெட்டிவிடுவதால் முளைத்து வரும் முனை மொட்டையாக இருக்கிறது. தொட்டால் தடித்ததுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். தோலுக்கு வெளியே இருக்கும் முடி உயிரற்ற பொருள். அதை வெட்டிய சேதி உள்ளே இருக்கும் வேருக்குப் போய்ச் சேர வழியே இல்லை. பெண்கள் முதன்முதலாக ரேஸரை எடுக்கும் வயதும் ஹார்மோன்களால் உடல் முடி இயல்பாகவே தடிக்கும் வயதும் ஒன்றாக இருப்பதால், பழி ரேஸர் மீது விழுந்துவிடுகிறது.

இந்த நம்பிக்கையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இருக்கும் வழிகளில் எளியதை இது தட்டிப் பறித்துவிட்டு, பள்ளி மாணவிகளின் கையில் காரமான ரசாயன க்ரீமைக் கொடுக்கிறது.

பிறக்கும்போதே எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது

மனித உடலில் சுமார் 50 லட்சம் வேர்க்கால்கள் இருக்கின்றன. பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உருவாவதில்லை. பருவ வயதில் நடப்பதெல்லாம், இருக்கிற பூனைமுடி கறுத்துத் தடிப்பதுதான்.

தலைமுடி இடுப்புவரை நீள்கிறது, கால் முடி ஏன் நீள்வதில்லை?

ஒவ்வொரு முடிக்கும் வளரும் காலம், ஓயும் காலம், உதிரும் காலம் என்று ஒரு சுற்று உண்டு. தலையில் வளரும் காலம் பல ஆண்டுகள் நீடிக்கும். காலில் சில மாதங்களிலேயே முடிந்துவிடும். அதோடு, ஒரே நேரத்தில் காலின் எல்லா முடியும் வளர்வதில்லை. பெரும்பகுதி ஓய்வில் இருக்கும்.

வேக்ஸிங் செய்த இரண்டாவது வாரமே அங்கங்கே முடி எட்டிப்பார்க்கக் காரணம் இதுதான். அன்று தோலுக்கு மேலே வராத முடி இப்போது வருகிறது. பார்லர் அக்காவைக் குறை சொல்ல வேண்டாம்.

ரேஸர் பிடிக்கும் முறை

முதல்முறை முயல்கிறவர்களுக்கு என் சிபாரிசு ரேஸர்தான். வலி இல்லை, செலவு குறைவு, பிடிக்காவிட்டால் அன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். குளித்து முடிக்கும் நேரத்தில் செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் முடி ஊறி மெதுவாகியிருக்கும். வெறும் காலில் இழுக்கக் கூடாது. ஷேவிங் ஜெல் தடவுங்கள். இல்லாவிட்டால் வழுவழுப்பான தலைமுடிக் கண்டிஷனர் போதும். குளியல் சோப்பு தோலை வறளச் செய்துவிடும். முடி வளரும் திசையிலேயே இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் இன்னும் வழவழப்பாக வரும் என்பது உண்மை, எரிச்சலும் அதோடு சேர்ந்தே வரும். முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டால் தோல் இறுகி, வெட்டுப்படாது. கணுக்கால் எலும்பும் முன்னங்கால் எலும்பும்தான் அதிகம் கிழிபடும் இடங்கள். அங்கே கையை அழுத்தாதீர்கள்.

ஐந்தாறு முறைக்கு மேல் ஒரே பிளேடு வேண்டாம். ஈரமான குளியலறை அலமாரியில் ரேஸரை விட்டுவைக்காமல் உலரவிட்டு எடுத்து வையுங்கள். அக்கா தங்கையாகவே இருந்தாலும் ரேஸரைப் பகிரக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவு போதும், ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் அதன் வழியே பரவலாம். மருக்களும் பரவும்.

ரோஜா நிற ரேஸருக்குக் கூடுதல் விலை

நியூயார்க் நகர நுகர்வோர் துறை 2015-இல் கடைகளில் விலைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. உடல் பராமரிப்புப் பொருட்களில் பெண்களுக்கானவை சராசரியாக 13 சதவீதம் அதிக விலையில் விற்பது தெரியவந்தது. ஆண்களுக்கான நல்ல ரேஸரும் கால் முடியை அதே அளவுக்கு எடுக்கும். நிறத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

காலுறைப் பஞ்சம் தந்த பழக்கம்

ஜில்லெட் நிறுவனம் பெண்களுக்கென்று முதல் ரேஸரை 1915-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. குட்டைக்கை உடைகள் வந்த காலம் அது, பேச்சு அக்குளைப் பற்றியே இருந்தது. அமெரிக்காவில் கால் பரவலாக மழிக்கப்பட்டது இரண்டாம் உலகப் போரின்போதுதான். 1940-இல் கடைக்கு வந்த நைலான் காலுறைகள் பெண்களைக் கவர்ந்திருந்த நேரத்தில், நைலான் முழுவதும் பாராசூட்டுக்கும் கயிற்றுக்கும் போய்விட்டது. காலுறை அணிந்ததுபோலத் தெரிய, திரவச் சாயத்தைக் காலில் பூசிக்கொண்டார்கள். முடி இருந்தால் சாயம் திட்டுத்திட்டாக நிற்குமே, அதனால் மழித்தார்கள். போர் முடிந்தது, பழக்கம் நிலைத்துவிட்டது. "காலில் முடி இருந்தால் அசுத்தம்" என்று இன்று யாராவது சொன்னால், அந்த விதிக்கு நூறு வயது கூட நிரம்பவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

ரோமானியக் கூச்சல்

அதற்காக முடி எடுப்பதே புதுப்பழக்கம் என்று எண்ண வேண்டாம். பொதுக் குளியல் கூடத்துக்கு மேல்மாடியில் குடியிருந்த ரோமானியத் தத்துவஞானி செனகா, அங்கே அக்குள் முடி பிடுங்குகிறவன் வாடிக்கையாளரைத் தேடிக் கத்தும் கத்தலைப் பற்றி ஒரு கடிதத்தில் அலுத்துக்கொண்டிருக்கிறார். அவன் வாய் மூடுவது ஒருவருக்கு முடி பிடுங்கும்போதுதானாம். அப்போது அவனுக்குப் பதிலாக அந்த ஆள் கத்துவார்.

ஹேர் ரிமூவிங் க்ரீம் என்ன செய்கிறது?

முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. க்ரீமில் உள்ள தயோகிளைகாலிக் அமிலத்தின் உப்பு அந்தப் பிணைப்புகளை உடைக்கிறது. முடி கூழாகி, வழித்தால் வந்துவிடுகிறது. மூக்கைத் துளைக்கும் நெடி இந்தக் கந்தகச் சேர்மத்தின் வேலை. பார்லரில் தலைமுடியைச் சுருட்டப் பயன்படும் பெர்மிங் திரவத்திலும் இதே குடும்ப ரசாயனம்தான் இருக்கிறது.

இனி, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி. நம் தோலின் மேலடுக்கும் கெராட்டினால் ஆனதே. முடி எது, தோல் எது என்று க்ரீமுக்குத் தெரியாது. இந்தக் க்ரீம்களின் பிஎச் அளவு 12-ஐ ஒட்டி இருக்கும், அதாவது கடுமையான காரத்தன்மை. முடி முதலில் கரைந்து, தோல் கரையத் தொடங்கும் முன்னே கழுவிவிட வேண்டும் என்பதுதான் இதன் கணக்கு. டப்பாவில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை மீறினால் என்ன ஆகும் என்பது இப்போது புரிந்திருக்கும். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் சுத்தமாக வரும்" என்ற நினைப்பே பல தீப்புண்களுக்குக் காரணம். கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் காலின் ஓர் ஓரத்தில் சிறிது தடவிப் பார்த்து, 24 மணி நேரம் காத்திருங்கள். ரேஸர் கீறிய காலிலும் வெயிலில் கன்றிய காலிலும் பூசாதீர்கள்.

மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் ஒரு தனிக் கவலை இருக்கிறது. நம் தோலில் சிறு எரிச்சல் பட்டாலும், அது ஆறிய இடத்தில் நிறமி கூடுதலாகச் சுரந்து கறுப்புத் தழும்பு விழுகிறது. மாதக்கணக்கில் மறையாது. முடி மூன்று நாளில் முளைக்கும் வழியை விட, தழும்பு மூன்று மாதம் நிற்கும் வழி மோசமானது என்பேன். ஆகவே எளிதில் தடித்துச் சிவக்கும் தோல் உடையவர்கள் க்ரீமைக் கடைசித் தேர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

தாளகமும் சுண்ணாம்பும்

க்ரீம் தொழிற்சாலைகளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இதே வேலையைச் செய்த ஒரு கலவை உண்டு. தாளகம் அல்லது அரிதாரம் எனப்படும் ஆர்செனிக் சல்பைடைச் சுட்ட சுண்ணாம்போடு குழைப்பார்கள். துருக்கிக் குளியல் கூடங்களில் இது வழக்கமாக இருந்தது. முடி கரையும்தான், ஆனால் ஆர்செனிக் நஞ்சு. புண்பட்ட தோல் வழியே அது உடலுக்குள் போகும். "பழங்கால ரகசியம்" என்று யாராவது தாளகப் பொடியை நீட்டினால் வாங்காதீர்கள்.

சுசுருத சம்ஹிதை புண்களுக்குச் சொல்லும் 60 சிகிச்சை முறைகளில் முடி நீக்குவதும் ஒன்று. அழகுக்காக அல்ல, புண் ஆறுவதற்காக.

எலி விஷம் கலந்த க்ரீம்

அமெரிக்காவில் 1930 வாக்கில் விற்பனைக்கு வந்த கோரெம்லு என்ற முடி நீக்கும் க்ரீமில் தாலியம் அசிடேட் இருந்தது. எலிகளைக் கொல்லப் பயன்படும் உப்பு அது. பூசிய பெண்களுக்கு வேண்டாத முடியோடு தலைமுடியும் கொட்டியது. நரம்புகள் பாதிக்கப்பட்டன, சிலருக்குப் பார்வை மங்கியது. வழக்குமேல் வழக்கு வந்து 1932-இல் நிறுவனம் திவாலானது. ஏறத்தாழ அதே காலத்தில் அழகு நிலையங்களில் எக்ஸ்ரே பாய்ச்சி முடி நீக்கினார்கள். "வலியே இல்லை" என்றுதான் விளம்பரம். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்களுக்குத் தோல் புற்றுநோய் வந்தது. அழகுப் பொருட்களையும் அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட பெண்களின் துயரம் இருக்கிறது. உட்பொருள் பட்டியல் அச்சிடாத, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் டப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோரெம்லு நினைவுக்கு வருகிறது.

அதிரசப் பாகு தெரிந்தவர்களுக்குக் கைவந்த வழி

எகிப்திலும் மேற்கு ஆசியாவிலும் பெண்கள் இன்றும் வீட்டிலேயே காய்ச்சும் முடி நீக்கி, சர்க்கரைப் பாகு. அவர்கள் அதை ஹலாவா என்கிறார்கள். இரண்டு கப் சர்க்கரை, கால் கப் எலுமிச்சைச் சாறு, கால் கப் தண்ணீர். மிதமான தீயில் தேன் நிறம் வரும்வரை காய்ச்ச வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதம்தான் கணக்கு. எலுமிச்சை வாசத்துக்காகச் சேர்ப்பதல்ல. அதன் அமிலம் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்து, பாகு பூத்துப்போகாமல் காக்கிறது.

நன்றாக ஆறி, கையில் பிசையும் பக்குவத்துக்கு வந்த பிறகே தொடுங்கள். கொதிக்கும் பாகு கொதிக்கும் தண்ணீரை விட மோசம், தோலில் ஒட்டிக்கொண்டு வேகவைத்துவிடும். பிள்ளைகள் அடுப்படிக்கு வராத நேரத்தில் செய்யுங்கள். சிறு உருண்டை எடுத்து முடி வளரும் திசைக்கு எதிராகத் தேய்த்துப் பரப்பி, வளரும் திசையில் சட்டென்று இழுக்க வேண்டும். வேக்ஸ் இதற்கு நேர்மாறு. வளரும் திசையில் பூசி, எதிர்த்திசையில் இழுப்பார்கள். நம் ஊர் வெயிலில் வியர்வை பட்டால் பாகு பிடிக்காது, காலில் லேசாகப் பவுடர் போட்டுக்கொண்டால் பிடிக்கும். மிச்சம் ஒட்டினால் தண்ணீரிலேயே கரைந்துவிடும். இரண்டு மூன்று முறை கெட்டுப்போன பிறகுதான் பதம் கைக்கு வரும். பொறுமை உள்ளவர்களுக்கு வேக்ஸை விட இது நல்லது என்பது என் கருத்து.

வேக்ஸ் யாருக்கு வேண்டாம்?

முடி ஏறக்குறைய கால் அங்குலம் இருந்தால்தான் வேக்ஸ் பிடிக்கும். சூடு சரியா என்று மணிக்கட்டின் உள்பக்கம் தொட்டுப் பார்க்காமல் காலில் பூசாதீர்கள். பல வேக்ஸ்களில் பைன் மரப் பிசின் இருக்கிறது. சிலருக்கு அது அலர்ஜி தரும். ஒட்டிக்கொண்ட மிச்சத்தைத் தண்ணீர் எடுக்காது, தேங்காய் எண்ணெய் எடுக்கும்.

பருக்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை வேக்ஸ் பக்கமே போகக் கூடாது. தோல் மெலிந்திருக்கும், முடியோடு சேர்ந்து உரிந்து வரும். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து எடுப்பவர்கள், காலில் நரம்புச் சுருட்டு உள்ளவர்கள், சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் ஆகியோருக்கும் வேண்டாம். மரத்த காலில் சூடு உறைக்காது, வெந்த பிறகுதான் தெரியும்.

இரண்டு நாடு, இரண்டு தீர்ப்பு

மின்சாரத்தில் சுழன்று முடியைப் பிடுங்கும் எபிலேட்டர், இஸ்ரேலின் ஹகோஷ்ரிம் என்ற கூட்டுப்பண்ணைக் கிராமத்திலிருந்து 1986-இல் 'எபிலேடி' என்ற பெயரில் வந்தது. வளைந்த கம்பிச்சுருள் சுழலும்போது அதன் இடுக்குகள் திறந்து மூடி முடியைப் பற்றி இழுக்கும். ரெமிங்டன் நிறுவனம் கம்பிச்சுருளுக்குப் பதிலாகக் கீறல்கள் போட்ட ரப்பர் தண்டை வைத்து ஒரு கருவி செய்தது. காப்புரிமை வழக்கு எழுந்தது. லண்டன் நீதிமன்றம் மீறல் இல்லை என்றது. ஜெர்மன் நீதிமன்றம் அதே காப்புரிமையை வைத்துக்கொண்டு மீறல்தான் என்றது. சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கு இன்றும் பாடம்.

எபிலேட்டரின் வலி முதல் சில முறைகள் கடுமையாக இருக்கும், பிறகு குறையும். வேக்ஸைப் போல முடியை நீளமாக வளர்த்துக் காத்திருக்க வேண்டாம். ஒருமுறை செலவு, பல ஆண்டு உழைப்பு.

வீட்டு ஐபிஎல் கருவி வாங்கும் முன்

ஐபிஎல் கருவி ஒளியைப் பாய்ச்சுகிறது. முடியிலுள்ள மெலனின் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகி, வேர்க்காலைச் சுடுகிறது. வெளிர் தோலில் கறுப்பு முடி என்றால் சூடு முடிக்குப் போகும். தோலிலும் மெலனின் நிறைந்திருந்தால் சூடு தோலுக்கும் போகும். அதனால்தான் இந்தக் கருவிகளின் பெட்டியிலேயே தோல் நிற அட்டவணை அச்சிட்டிருக்கிறார்கள். கரும்பழுப்பு, கறுப்பு நிறங்களுக்குப் பெரும்பாலான கருவிகள் பொருந்தாது. வாங்கும் முன் அந்த அட்டவணையில் உங்கள் காலை வைத்துப் பாருங்கள், விளம்பரப் பெண்ணின் காலை அல்ல. நம் நிறத்துக்கு ஓரளவு பாதுகாப்பானது 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர். அதை வீட்டில் செய்ய முடியாது, தோல் மருத்துவரிடம்தான் செய்துகொள்ள வேண்டும். நரைத்த முடிக்கு இரண்டுமே பயன்படாது.

லேசராலும் முடி நிரந்தரமாகக் குறையுமே தவிர அடியோடு போய்விடாது. நிரந்தரமாக நீக்குவது ஒவ்வொரு வேர்க்காலாக ஊசியால் மின்சாரம் செலுத்தும் எலக்ட்ரோலிசிஸ் மட்டுமே. செயின்ட் லூயிஸ் கண் மருத்துவர் சார்லஸ் மைக்கேல் 1875-இல் அதைப் பயன்படுத்தியது, கண்ணைக் குத்தும் இமை முடிகளை எடுக்க.

கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி

இரண்டையும் அரைத்துப் பூசினால் முடி உதிரும் என்பார்கள். தேய்த்துக் குளிக்கும்போது உரசலில் மெல்லிய முடிகள் சில அறுந்து வரலாம். வேரை அழிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தோல் ஒத்துக்கொண்டால் பூசுங்கள், முடிக்காக எதிர்பார்க்காதீர்கள். கைக்குழந்தையின் மேனியில் முடி போகவேண்டுமென்று கடலைமாவை அழுத்தித் தேய்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பூனைமுடி தானாகவே உதிரும்.

கால் முடி ஹார்மோன் கோளாறின் அடையாளமா?

பெண்களின் மிகைமுடியை அளக்க மருத்துவர்கள் ஃபெரிமன்-கால்வே மதிப்பெண் முறையைப் பயன்படுத்துகிறார்கள். 1961-இல் அது உருவானபோது உடலின் 11 இடங்களைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு இடங்களை நீக்கி 9 ஆக்கிவிட்டார்கள். நீக்கப்பட்டவை முன்கையும் முழங்காலுக்குக் கீழும்தான். அங்குள்ள முடியை வைத்து ஆண் ஹார்மோன் மிகுதியைச் சொல்ல முடியாது என்பதே காரணம். காலில் முடி அதிகம் என்று மகளைப் பார்த்துக் கவலைப்படுகிற அம்மாக்கள் நிம்மதியாக இருக்கலாம். மோவாய், மார்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் தடித்த முடி வந்து, மாதவிடாயும் தள்ளிப்போனால் டாக்டரைப் பாருங்கள்.

முடி குறைந்தாலும் கவனம்

வயதானவர்களின் காலில் முடி தானாக உதிர்ந்து, தோல் பளபளத்து, பாதம் சில்லிட்டு, நடந்தால் கெண்டைக்கால் வலித்தால், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். புகைபிடிக்கிறவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதை அசட்டை செய்யக் கூடாது.

ஆபரேஷனுக்கு முதல்நாள் மழிக்காதீர்கள்

ரேஸர் விட்டுச்செல்லும் நுண்கீறல்களில் கிருமி தங்கும். அறுவை சிகிச்சைக்காக முடியை மழிக்கவே வேண்டாம், தவிர்க்க முடியாவிட்டால் கிளிப்பரால் கத்தரிக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது.

புள்ளிபுள்ளியாகத் தெரிகிறதா?

முடி எடுத்த காலில் ஸ்ட்ராபெர்ரி பழம்போல் கரும்புள்ளிகள் தெரிவது பலருக்கும் உண்டு. வேர்க்காலுக்குள் தங்கிய முடித்துண்டும் இறந்த செல்லும்தான் அவை. சில முடிகள் வெளியே வரத் தெரியாமல் உள்ளேயே சுருண்டு கொப்புளமாகவும் மாறும். நகத்தால் கிள்ளினால் தழும்பு நிச்சயம். முடி எடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகு, பீர்க்கங்காய் நாரால் வாரம் இரண்டு முறை மெதுவாகத் தேய்த்தால் போதும். சாலிசிலிக் அமிலமோ யூரியாவோ கலந்த லோஷனும் உதவும். முடி எடுத்த அன்று இறுக்கமான ஜீன்ஸ், வாசனைத் திரவியம், நீச்சல் குளம் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். சிறு வெட்டுக்குச் சலூன்காரர் வைக்கும் படிகாரக் கல்லை ஈரமாக்கி ஒற்றினால் ரத்தம் நிற்கும், எரியும், ஆனால் நிற்கும்.

அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள்

மகள் கால் முடியைப் பற்றிப் பேச்செடுத்தால் "இந்த வயசுல உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று வாயை அடைக்காதீர்கள். அடைத்தால் அவள் உங்களுக்குத் தெரியாமல் செய்வாள். எடுக்காமலே விடுவதும் நல்ல முடிவுதான் என்று முதலில் சொல்லுங்கள். அப்படியும் எடுக்க விரும்பினால், அவளுக்கென்று ஒரு புது ரேஸர் வாங்கிக் கொடுத்து, முதல்முறை பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள்.